மாக்கோழியும் பிளாஸ்டிக் குண்டும்

உயிருக்கு ஊறு நேராத கருவியொன்றை ஏந்தி, ஒருவரையொருவர் சுடுவதாகப் பாவித்து விளையாடுவது ஹிம்சையாகுமா? இங்கிலாந்தில் பணிபுரியும் உறவினர் மகன் ஒருவன், ‘ஏர்சாஃப்ட்’ என்னும் துப்பாக்கி விளையாட்டில் சேரலாமா என்று கேட்டு எழுதியிருந்தான். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க இயலவில்லை. பேரக்குழந்தைகளை அயல்நாட்டில் விட்டிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கும் இது பயன்படலாம் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

இவ்விளையாட்டு ஜப்பானில் தோன்றியது. சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடங்கொடாது. ஆகவே உண்மைத் துப்பாக்கியின் உருவில், சிறு பிளாஸ்டிக் குண்டுகளை வீசும் கருவிகள் 1970-களிலும் 1980-களிலும் அங்கு உருவாயின. 1991-இல் டோக்கியோ மாருயி நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் வகையை வெளியிட்டது. குண்டின் விட்டம் 6 மில்லிமீட்டர். தொடக்க நிலையில் பெரிதும் வழங்குவது 0.20 கிராம் எடையுள்ளது. அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 1 ஜூல். ஜப்பான் 2006-இல் சட்டத்தைத் திருத்தி அதற்கும் சற்றுக் குறைவான அளவையே எல்லையாக வகுத்தது. பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொடர்ந்து சுடுவதற்கு 1.3 ஜூலும், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூலும் உச்ச வரம்பு. உடையின்மேல் பட்டால் சுள்ளென்று வலிக்கும், அவ்வளவே. கண்ணில் பட்டாலோ பார்வையே பறிபோகக்கூடும். எனவே ஆடுகளத்தில் இருக்கும் வரை, எக்காரணம் கொண்டும் காப்புக் கண்ணாடியைக் கழற்றலாகாது.

புதியவர் எடுத்தவுடன் துப்பாக்கி வாங்க வேண்டுவதில்லை. களத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். பிரிட்டனில் உண்மைத் துப்பாக்கியை ஒத்த உருவை எவரும் நினைத்தவுடன் வாங்கவும் இயலாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தடை விதித்து, முறையாக இவ்விளையாட்டில் ஈடுபடுவோருக்கு மட்டும் விலக்களித்துள்ளது. ஆட்டத்திற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் கருவிகொண்டு அளந்து பார்ப்பர்.

இவற்றைவிட என் கருத்தைக் கவர்ந்தது ஒரு விதி. சாயக்குண்டு விளையாட்டில் அடிபட்டவர் உடையில் சாயம் படியும், மறைக்க முடியாது. இங்கோ குண்டு எச்சுவடும் விடுவதில்லை. அடிபட்டவரே கையை உயர்த்தி, ‘பட்டது’ என்று அறிவித்து விலக வேண்டும். சுட்டவர் அதைக் கோரி வாதிடலாகாது. முழு ஆட்டமும் வாய்மையின்மேல் நிற்கிறது. நம் அணுவிரதங்களுள் ஒன்று துப்பாக்கி ஏந்தியவர் கூட்டத்தில் இப்படிப் பயிலப்படுவது வியப்பே.

எனினும் வினா தீரவில்லை. யசோதர காவியத்தை நாம் அறிவோம். தீக்கனாக் கண்டதாகக் கூறிய மன்னன் யசோதரன், உயிர்ப்பலிக்கு இசையாமல், தாய் சந்திரமதியின் சொல்லுக்கிணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். அங்கே எவ்வுயிரும் மடியவில்லை. ஆயினும் அவனும் தாயும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். திரவிய ஹிம்சை இல்லாதபோதும் பாவ ஹிம்சை நிகழ்ந்துவிட்டது. பிளாஸ்டிக் குண்டும் ஒரு மாக்கோழிதானே என்று முடித்துவிடத் தோன்றும்.

அவ்வளவு விரைந்து முடிக்க நம் புராணமே விடுவதில்லை. பரதனும் பாகுபலியும் போருக்கு அணிவகுத்து நின்றபோது, படைகள் மடிய வேண்டாம் என்று அமைச்சர்கள் தடுத்து, கண்போர், நீர்ப்போர், மற்போர் என மூன்றை வகுத்தனர். கொலையின்றி வலிமையை அளக்கும் போட்டியை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. மாக்கோழியை வெட்டியவன் கொலையைச் சங்கற்பித்து, அதற்குப் பதிலாக மாவை வைத்தான். மற்போர் புரிந்த உடன்பிறந்தார் கொலையை விலக்குவதற்காகவே களம் புகுந்தனர். வேறுபாடு இங்குதான் உள்ளது. ஆனால், தோற்ற பரதன் சினந்து சக்கரத்தை ஏவினான் என்பதையும் மறக்கலாகாது. போட்டிக்குள்ளிருந்தே கஷாயம் கிளைத்தது.

ஆகவே அவ்விளைஞனுக்கு இவ்வாறு எழுதினேன். குறிபார்த்தலும், ஓடி ஒளிதலும், பட்டதைத் தானே ஒப்புக்கொள்ளுதலும் மகிழ்ச்சி தருமாயின் அது விளையாட்டு. வாடகைத் துப்பாக்கியோடு சில நாள் ஆடிப் பார். உண்மைப் போர்களின் சீருடை அணிந்து, அவற்றின் கொலைக்களங்களை நடித்துக் களிக்கும் ‘மில்சிம்’ வகைக்குச் செல்லாதே. எதிரியை வீழ்த்திவிட்டேன் என்ற எண்ணத்தில் நெஞ்சு இனிக்கிறதா என்பதை நீயே நோக்க வேண்டும். மாலையில் சாமாயிகத்தில் அமரும்போது அது தெரிந்துவிடும்.

சிறுவர்க்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தருவதை மட்டும் நான் ஒப்பவே மாட்டேன். கொலைக்கருவி வழங்குதலை அநர்த்த தண்டத்துள் ஒன்றாக நம் ஆசிரியர்கள் வைத்தனர். பொம்மையாயிற்றே என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். 2014 நவம்பரில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவொன்றில் 12 வயதுச் சிறுவன் இத்தகைய துப்பாக்கியுடன் நின்றான். பொம்மை என்று காட்டும் செம்மஞ்சள் முனை அதில் இல்லை. வந்த காவலர் அதை உண்மைத் துப்பாக்கியென்று எண்ணி, வாகனம் நின்ற சில நொடிகளுக்குள் சுட்டார். மறுநாள் அச்சிறுவன் இறந்தான்.