சீசரின் முகமும் பொன்னின் எடையும்

உரோமையர் வணிகம் செய்த ஊரைக் காணவேண்டும் என்று நம் இளையோர் விரும்பினர். ஆகவே மார்கழிக் குளிரில், விடியுமுன்னரே, இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பேருந்தேறி, அருப்புக்கோட்டை, பரமக்குடி வழியாக இராமநாதபுரத்தை அடுத்த அழகன்குளம் சென்றோம். நம் மலைகளை ஒட்டிய வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை கடலை நெருங்கும் இடம் அது. தமிழகத் தொல்லியல் துறை 1986 முதல் அங்கே பலமுறை அகழ்ந்து, உரோமை மதுச்சாடிகளின் துண்டுகளையும், காசுகளையும், கப்பல் உருவம் கீறிய பானையோட்டையும் கண்டெடுத்தது. ஆனால் தூண்களோ மண்டபங்களோ அங்கு இல்லை; மண்மேடே உள்ளது. “இதற்காகவா இக்குளிரில் வந்தோம்?” என்று சிலர் முணுமுணுத்தனர்.

கண்ணுக்குக் காட்சி இல்லாத இடத்தில் சிந்தைக்கு வேலை உண்டு. அவ்வணிகத்தில் வந்த பொன்னை நம் முன்னோர் எவ்வாறு ஏற்றனர்? புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் 501 உரோமைப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்திற்குக் குறுக்கே வெட்டுத்தழும்பு உண்டு. பொன்னின் தரத்தைச் சோதித்தனர் என்பர் சிலர். காசாகச் செல்லாதபடி செய்தனர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், வெட்டியவர்கள் மதித்தது பொன்னின் எடையையே, சீசரின் முகத்தையன்று.

இன்றும் நம் இல்லங்களுக்குக் கடல் கடந்து பணம் வருகிறது. அதைப் பெறுவது பாவமன்று; அது பிள்ளைகளின் வியர்வை. ஆனால், பணம் அனுப்பும் மகன் சொல்வதே நீதி, அனுப்ப இயலாத மகனுக்கு வாயே இல்லை என்றாகும்போது, நாம் காசை மட்டும் பெறவில்லை. அதன் அதிகாரத்தையும் அரியணை ஏற்றுகிறோம்.

முகத்தை வெட்டினால் மட்டும் போதுமா? வெட்டுண்ட அக்காசுகளும் மண்ணுக்குள்தானே கிடந்தன! புதைத்தவர் மீண்டும் வந்து எடுக்கவில்லை. எவர் பசியும் அவற்றால் தீரவில்லை. அரசனை இறக்கிவிட்ட இடத்தில் பொன்னே அரசனாக அமர்ந்துவிடலாம்.

வரிக் காசைக் கொண்டுவரச் செய்து, அதிலுள்ள உருவம் யாருடையது என்று நம் ஆண்டவர் வினவியதை அறிவோம். அது திபேரியு சீசரின் காசாக இருக்கலாம் என்பர் அறிஞர். அச்சீசரின் காசுகள் தமிழகத்திலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. எனவே அவ்வினா நம் மண்ணுக்கும் உரியதே. நம் குடும்பத்து முடிவுகளில் யாருடைய உருவம் பதிந்துள்ளது? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எல்லாரும் கூடி அமர்கையில், வெறுங்கையோடு வந்த மகனின் கருத்தையும் கேட்போமாக.