பொறுத்தலும் சாட்சி பகர்தலும்

தங்க இடம் கொடுத்தவர், தங்கிச் சென்றவரின் பிழையை வெளியில் சொல்லலாமா, பொறுத்து மறைக்க வேண்டுமா என்ற கேள்வி, விருந்தோம்பலை அறமாகக் கொண்ட சமயங்களுக்குப் புதியதன்று. வீட்டையோ வீட்டின் ஒரு பகுதியையோ சில நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு விடும் வழக்கம் இணையத் தளங்களின் வழியே பரவிய பின், அது பலருக்கு அன்றாடக் கேள்வியாகிவிட்டது. 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பியில், விருந்தினர் வெளியேறிய 14 நாள்களுக்குள் வீட்டாரும் விருந்தினரும் ஒருவரைப் பற்றி ஒருவர் மதிப்புரை, அதாவது பேச்சு வழக்கில் ‘ரிவ்யூ’ எனப்படும் பொதுக் குறிப்பு, எழுதலாம். நால்வர் என்று பதிவு செய்துவிட்டு எட்டுப் பேராக வந்து தங்கியவர்களையும், புகைக்கக் கூடாத அறையில் புகைத்தவர்களையும், அக்கம்பக்கத்தார் உறங்க முடியாதபடி நள்ளிரவு தாண்டியும் பாட்டு வைத்தவர்களையும் பற்றி என்ன எழுதுவது என்பது பெரும்பாலும் வணிக உத்தியாகவே பேசப்படுகிறது. ஆனால் அது முதலில் ஓர் அறக் கேள்வியாகும்.

காசு கொடுத்துத் தங்குபவர் வாடிக்கையாளரே அன்றி விருந்தினர் அல்லர், ஆகவே இங்கே விருந்தோம்பல் அறத்தைப் பேசுவது பொருந்தாது என்ற மறுப்பு எழக்கூடும். வாடகை என்பது அறையையும் படுக்கையையும் சில இரவுகளுக்குப் பெற்றுத்தரும் என்பது உண்மையே. எனினும், முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பவரின் நம்பிக்கையையும், அறியாத ஒருவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குபவரின் நம்பிக்கையையும் எந்தத் தொகையும் விலைக்கு வாங்குவதில்லை. விருந்தோம்பலின் உள்ளீடு இந்த நம்பிக்கையே என்பதால், பணம் கைமாறியதாலேயே அந்த அறம் விலகிவிடுவதில்லை.

விருந்தினரைத் தெய்வமாகக் கருதச் சொல்லும் தைத்திரீய உபநிடதத்தின் அறிவுரை இந்தியாவில் சுற்றுலா விளம்பரம் வரை வந்துவிட்டதால், விருந்தினருக்குக் கடமையே இல்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சமய நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம், 53ஆம் வசனம், நபிகளின் இல்லத்துக்கு உணவுண்ண அழைக்கப்பட்டவர்கள் உண்டு முடித்த பின் பேசிக்கொண்டே அமர்ந்திருக்கக் கூடாது என்றும், அது அவருக்குத் தொல்லையாக இருந்தும் அவர் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றும் கூறுகிறது. வீட்டாரின் கூச்சத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வது விருந்தினரின் பிழை என்பதை இவ்வளவு நுணுக்கமாக உணர்த்தும் இடங்கள் அரியவை. விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தருமம், வீட்டாரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் அளவுக்குத் தங்குவது விருந்தினருக்கு ஆகாது என்று நபிமொழியும் வரம்பு கட்டுகிறது. இம்மானுவேல் காண்ட் 1795இல் வெளியிட்ட, நிலைத்த அமைதியைப் பற்றிய நூலில், அயலார் ஓரிடத்துக்கு வரும் உரிமையையும் அங்கே விருந்தினராகத் தங்கும் உரிமையையும் வேறுபடுத்தி, முன்னது எல்லா மனிதருக்கும் உண்டு, பின்னது தனி உடன்பாட்டால் மட்டுமே கிடைப்பது என்கிறார். இன்று வீட்டு விதிகள் என்று எழுதப்படுவது அந்த உடன்பாட்டின் உள்ளடக்கமே.

விதி மீறப்பட்ட பின் செய்ய வேண்டியது என்ன என்பதில், ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் துறவு மடங்களுக்காகப் புனித பெனடிக்ட், அதாவது தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என வணங்குபவர், எழுதிய ஒழுங்குமுறை மிகவும் பயனுள்ளது. அதன் 53ஆம் அதிகாரம் வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்கிறது. 61ஆம் அதிகாரமோ, வெளியூரிலிருந்து வரும் துறவி அந்த இடத்து வழக்கத்தோடு நிறைவடைந்து, மிகையான கோரிக்கைகளால் மடத்தைக் குலைக்காதிருந்தால் விரும்பும் வரை தங்கலாம் என்றும், அவ்வாறன்றித் தொல்லை கொடுப்பவராகத் தெரிந்தால் அவரைப் புறப்படுமாறு பண்போடு சொல்லிவிட வேண்டும் என்றும் வகுக்கிறது. ஒரே நூல் இவ்விரண்டையும் முரணின்றிச் சொல்வது கவனிக்கத் தக்கது. விருந்தினரிடத்தில் இறைவனைக் காண்பதும், இங்கே இது நடக்கலாகாது என்று அவரிடம் சொல்வதும் ஒருவரே செய்யக்கூடிய செயல்கள் ஆகும். கண்டிப்பதற்கான வரிசையை மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் தருகிறது: முதலில் தனிமையில், பயனில்லை எனில் ஓரிருவர் முன்னிலையில், அதன் பின்னரே சபையில். வாடகைக்கு விடுபவருக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தும். எட்டுப் பேர் வந்திருப்பதை அன்று மாலையே கண்டவர் அப்போது விருந்தினரிடம் நேரில் சொல்லாமல், தளத்துக்கும் தெரிவிக்காமல், எல்லாரும் போன பின் முதன்முறையாக உலகறிய எழுதுவாரானால், எழுதியது முழுக்க உண்மையாக இருப்பினும் அது பிழை திருத்த இடங்கொடாத செயலாகிவிடும்.

சொல்லியும் கேளாதவரைப் பற்றி எழுதலாமா என்பதே கடினமான பகுதி. நல்லுள்ளம் படைத்த பலர் ‘போகட்டும், சின்னப் பிள்ளைகள்’ என்று விட்டுவிட்டு, ‘அருமையான விருந்தினர்’ என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுக்கின்றனர். இது பெருந்தன்மையாகத் தோன்றினும் இரண்டு வெவ்வேறு செயல்களை ஒன்றாகக் குழப்புகிறது. பொறுத்தல் என்பது தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பற்றியது. கறைபட்ட மெத்தையும் இழந்த உறக்கமும் வீட்டாருடையவை, ஆகவே அவற்றைப் பொறுக்கும் உரிமையும் அவருக்கே உண்டு. மதிப்புரையோ தமக்காக எழுதப்படுவதன்று. அதே விருந்தினருக்கு அடுத்த மாதம் வேறோர் ஊரில் கதவைத் திறக்கப்போகும், பெயர் தெரியாத ஒருவர் கேட்கும் சாட்சியம் அது. அந்த மனிதருக்கு நேரப்போகும் இழப்பை முன்கூட்டியே பொறுத்துவிடும் அதிகாரம் யாருக்கும் இல்லை. திருக்குறள் பொறையுடைமையை 16ஆம் அதிகாரத்திலும் வாய்மையை 30ஆம் அதிகாரத்திலும் தனித்தனி அறங்களாக வைத்திருப்பது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. எவருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்ம்மையும் அதன் இடத்தைப் பெறும் என்றும் வள்ளுவர் கூறுவதைக் காட்டிப் பொய்ப் புகழுரைக்கு நியாயம் தேடலாம் எனத் தோன்றும். ஆனால் அடுத்து வீடு கொடுக்கப்போகிறவரைக் குழியில் தள்ளும் நன்மை குற்றமற்ற நன்மை ஆகாது. எதுவும் எழுதாமல் விடுவது பொய்யன்று என்பதால், சிறு பிழைகளில் மௌனம் ஏற்கத் தக்கதே. அண்டை வீட்டாரை அச்சுறுத்திய கொண்டாட்டம் போன்றவற்றில் அந்த மௌனமும் கடமை தவறுவதாகும்.

பிறர் குறையைப் பேசுவதே பாவம் என அஞ்சுவோருக்கு, அந்த அச்சத்தை மிகக் கடுமையாகக் கைக்கொண்ட மரபுகளே வழி காட்டியுள்ளன. 13ஆம் நூற்றாண்டு இஸ்லாமிய அறிஞர் இமாம் நவவி, புறம் பேசுதல் விலக்கப்பட்டது என்பதை வலியுறுத்திய பின், அது அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களை ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்னும் தொகுப்பில் குறிப்பிடுகிறார். மற்றவர்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. யூத மரபில், உண்மையாகவே இருப்பினும் பிறரை இழிவுபடுத்தும் பேச்சு பெரும் குற்றமாகக் கருதப்படுகிறது. அதைப் பற்றி 1873இல் ‘ஹஃபெட்ஸ் ஹயிம்’ என்ற நூலை வெளியிட்ட ரபி இஸ்ரயேல் மேயர் ககான், பிறர் நலனுக்காக ஒருவரின் தவறைச் சொல்ல நேர்ந்தால் நிறைவேற வேண்டிய ஏழு நிபந்தனைகளை வகுத்தார்: பேசுபவர் அதைத் தாமே கண்டிருக்க வேண்டும், அது உண்மையில் தவறுதானா என அவசரமின்றி ஆராய்ந்திருக்க வேண்டும், தவறு செய்தவரிடம் முதலில் மென்மையாகச் சொல்லியிருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, நோக்கம் பகையாக அன்றி நன்மையாக இருக்க வேண்டும், வேறு வழி இருப்பின் அதையே நாட வேண்டும், சொல்வதால் நேரும் இழப்பு நீதிமன்றம் விதிக்கக்கூடியதை விட மிகலாகாது. ‘இவர்கள் நாகரிகமற்றவர்கள்’ என்று எழுதுபவர் நான்காம் நிபந்தனையிலும் ஐந்தாம் நிபந்தனையிலும் தவறுகிறார். ‘பதிவில் நால்வர், வந்தவர் எட்டுப் பேர், சொல்லிய பின்னும் இரவு ஒரு மணி வரை இசை நிற்கவில்லை’ என்று எழுதுபவர் தவறுவதில்லை. சேதத்துக்கு விருந்தினர் பணம் கொடுத்துவிட்டால் அதையும் எழுதுவதே முழுமையான சாட்சியம்.

உண்மை எழுதத் தடையாக இருப்பது பெரும்பாலும் அருளன்று, அச்சமே. ஏர்பிஎன்பியில் முன்னர் ஒருவர் எழுதியது உடனே மற்றவருக்குத் தெரிந்ததால் பழிக்குப் பழி எழுதும் வாய்ப்பு இருந்தது. 2014 முதல் இருவரும் எழுதி முடிக்கும் வரையில் அல்லது 14 நாள் கழியும் வரையில் எவர் எழுதியதும் வெளியிடப்படுவதில்லை. ஆயினும் 2015இல் ஜார்ஜியோஸ் செர்வாஸ், டேவிடே புரோசெர்பியோ, ஜான் பயர்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு சராசரியாக 4.5 நட்சத்திரமோ 5 நட்சத்திரமோ பெற்றிருந்தது தெரியவந்தது. எல்லாரும் சிறந்தவர் என்று சொல்லப்படும் இடத்தில், அறிமுகமற்றவரை எதைக் கொண்டு அறிவது? அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் பெஞ்சமின் எடெல்மனும் உடனாய்வாளர்களும் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனை இதற்கு வேதனையான விடை தருகிறது: மற்றவை ஒத்திருந்தும், கறுப்பினத்தார் பெயர் கொண்ட கோரிக்கைகள் வெள்ளையர் பெயர் கொண்டவற்றை விட ஏறத்தாழ 16 விழுக்காடு குறைவாகவே ஏற்கப்பட்டன. நம்பத்தக்க சாட்சியம் இல்லாதபோது பெயரும் நிறமும் அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்கின்றன. ஆகவே மழுப்பலான புகழுரையின் விலையைச் செலுத்துபவர்களுள், ஒழுங்காக நடந்தும் கதவு திறக்கப்பெறாத அயலாரும் உண்டு.

இனி, விதி மீறியவரே வீட்டாரைப் பற்றிக் கசப்பாக எழுதும்போது அதைப் பழிவாங்கல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெனடிக்டின் 61ஆம் அதிகாரம் இங்கும் ஒரு வாசகத்தை வைத்திருக்கிறது: வந்து தங்கியவர் பணிவோடும் அன்போடும் மடத்தின் குறையைச் சுட்டினால், ஆண்டவர் அதற்காகவே அவரை அனுப்பியிருக்கக் கூடுமா என்று மடத்துத் தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அது. கோபத்தோடு எழுதியவருக்கு அந்தப் பணிவு இருப்பதில்லை. எனினும் வெந்நீர் வரவில்லை என்றோ, இரவு இசைக்கான தடை பதிவு செய்யும்போது கண்ணில் படும்படி இல்லை என்றோ அவர் எழுதியிருந்தால், அவர் எட்டுப் பேரோடு வந்தவர் என்பது குழாயைப் பற்றியும் அறிவிப்பைப் பற்றியும் எதையும் நிரூபிப்பதில்லை. வீட்டார் குழாயைத் திறந்து பார்க்கவும், தம் விதிகளை முதன்முறை படிப்பவராக மீண்டும் படிக்கவும் வேண்டியிருக்கும். அவர் சொன்னது சரி எனில், மறுமொழியில் அதை ஒப்புக்கொண்டு எழுதுவதும் முன்னர்க் கூறிய சாட்சியக் கடமையின் பாற்பட்டதே.