கொல்லைக் காயும் தவக்குலும்

கொல்லையில் காய்த்த சுண்டைக்காயை உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, ஜாடியில் எடுத்து வைக்கிறோம். நாளைக்கென்று சேர்ப்பது தவக்குலுக்கு முரணல்லவா எனச் சிலர் ஐயுறுகின்றனர். முரணல்ல. பனூ நளீர் பேரீச்சந் தோட்ட வருவாயிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததை உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள், புகாரியில் காணலாம். விலையேற்றத்தை எதிர்பார்த்துப் பதுக்குவதே விலக்கப்பட்டது. வற்றல் ஜாடிக்கு அந்தப் பழி இல்லை. அதை விற்கவா போகிறோம்!

நமக்குள்ள சோதனை வேறு. குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் (ஸல்) உபதேசித்தார்கள். நாமோ பிஞ்சையெல்லாம் ஜாடிக்கு அனுப்பிவிட்டு, முற்றிய கத்தரிக்காயைச் சுவருக்கு அப்பால் நீட்டுகிறோம். நமக்கே தந்தால் முகம் சுளித்துத்தான் வாங்குவோம். அத்தகையதைத் தேர்ந்து கொடுப்பதைத்தான் பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது.