ஊன்றிய பாதமும் ஓசோனும்

இறைவன் விகாரப்படாதவன் என்ற பாடம் வந்தால் எங்கள் சைவ சித்தாந்த வகுப்பு ஐயா தவறாமல் தாமரைக் குளத்துக்குப் போய்விடுவார். ஒரே சூரியனுக்கு முன்னால் ஒரு மொட்டு அரும்புகிறது, ஒன்று அலர்கிறது, ஒன்று வாடுகிறது. சூரியன் மட்டும் இருந்தபடியே இருக்கிறது. சிவன் படைத்தல் முதல் அருளல் வரை ஐந்தொழில் செய்தும் மாறாதிருப்பது அப்படித்தானாம். எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்குத்தான் ஆடாது.

பணிக்காலத்தில் கொடைக்கானலில் சூரியனை அளந்தவன் நான். அங்கே டாப்சன் கருவியால் ஓசோன் அளப்பது 1957-லேயே தொடங்கிவிட்டது. நீளமான, கனத்த பெட்டி அது. வெயிலில் வைத்து மேலேயுள்ள பட்டகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினால், உள்ளே இரண்டு புற ஊதா அலைகள் பிரிந்து நிற்கும். 305.5 நானோமீட்டர் ஒன்று, 325.4 இன்னொன்று. முன்னதை ஓசோன் நன்றாக விழுங்கும். பின்னதைப் பெரும்பாலும் விட்டுவிடும். வட்டைத் திருப்பித் திருப்பி மீட்டர் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, வட்டின் எண்ணையும் மணியையும் குறிக்க வேண்டும். மெல்லிய மேகம் கடந்தாலே முள் தடுமாறும். பாதரச விளக்கை ஏற்றி அவ்வப்போது கருவியையே சோதிப்போம். மாறியது வானமா, பெட்டியா என்று தெரியாமல் எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை.

அதே மலையில் 1904 தொடங்கிக் கால்சியம் ஒளியில் எடுத்த சூரியப் படங்கள் நூறாண்டுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை வெண்திட்டுகள் பெருகிக் குறைவதை அவற்றில் காணலாம். இந்தச் சுழற்சியில் சூரியனின் மொத்த ஒளியாற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. 200 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாவோ பல விழுக்காடு மாறுகிறது. ஐயாவிடம் சொன்னேன். “உவமையில் ஒரு புடை ஒத்தால் போதும்” என்றார். சரிதான். அந்த ஒரு புடையே பொய்த்துப் போனால்?

சூரியனுக்குச் சைவத்தில் வேறு வேலை கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஐந்தொழிலில் விளக்கச் சிரமமானது மறைத்தல். அருளே வடிவானவன் ஏன் தன்னை மறைக்க வேண்டும்? உயிரைப் பற்றிய அழுக்கான மலம் பக்குவப்படவே மறைக்கிறான், அந்த மறைப்பும் அருள்தான் என்கிறது சித்தாந்தம். படிக்கும்போது சமாதானமாக இருக்கும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

வானத்தில் நடப்பதைப் பாருங்கள். சூரியனின் மிகக் கடுமையான புற ஊதாதான் ஆக்சிஜனை உடைத்து ஓசோனை உண்டாக்குகிறது. அந்த ஓசோன்தான் கடுங்கதிரைத் தடுக்கிறது. கதிர் உண்டாக்கிய திரையே கதிரை மறைக்கிறது. சூரியன் உக்கிரமாகும் ஆண்டுகளில் திரையும் ஒன்றிரண்டு விழுக்காடு தடிக்கிறது. கொடைக்கானலின் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைக்கு இறக்கி விரித்தாலும் மூன்று மில்லிமீட்டர் வராது. இவ்வளவு மெல்லியது இல்லாவிட்டால் நிலத்தில் நாம் இப்படி உலவ முடியாது. அது முழுக்கவும் மூடவில்லை. கசிந்து வரும் கொஞ்சத்தைக் கொண்டுதான் தோல் வைட்டமின் டி செய்துகொள்கிறது.

இந்த உவமையும் ஓரிடத்தில் நொண்டும். ஓசோனை மனிதனால் சிதைக்க முடிந்தது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை போட்டுக் குளிர்பதன வாயுக்களைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. சிவனின் மறைப்பை நாம் விலக்க முடியாது, அவனே விலக்க வேண்டும். சூரியனுக்குக் கருணையும் கிடையாது. ஆனாலும் கொடுப்பதும் மறைப்பதும் ஒருவனிடமிருந்தே வரக்கூடும் என்பதற்கு இது அளந்து பார்த்த சாட்சி. தாமரைக் குளத்தில் அந்தச் சாட்சி இல்லை.

ஆடல்வல்லானின் ஊன்றிய பாதம் மறைத்தலையும் தூக்கிய பாதம் அருளையும் குறிக்கும் என்று பாடம் சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊன்றிய பாதத்துக்கு வரும்போது ஓசோனைச் சொல்லுங்கள். பிள்ளைகள் பள்ளியில் படித்ததுதான், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.