காணாமை இன்மையாகுமா?

உயிர்கள் இடர்ப்படுவதற்கு அறியாமை ஒன்றே காரணமன்று. அறிந்தேம் என்னுந் துணிவு பிழைபட எழுதலுங் காரணமாம். அதுபற்றியே அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாருட் பொருளியல்பு கூறுமுன் அளவையியல்பு கூறினார். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள், கருதற்கு உறுப்பாகிய ஏது இயல்பு, காரியம், அனுபலத்தி என மூவகைப்படும். இவற்றுள் அனுபலத்தியாவது காணாமை. அதனை ஏதுவாகக் கொள்ளுங்கால் நேரும் பிழையொன்றனை ஈண்டு ஆராய்வாம்.

வெள்ளியங்கிரிச் சாரலிற் றோன்றிப் பேரூரை அணைந்து திருப்பூர் வழியாகச் சென்று காவிரியிற் கலப்பது, காஞ்சிமாநதி எனப் போற்றப்படும் நொய்யல். திருப்பூரிற் பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைக் கழிவுநீர் அவ்வாற்றிற் கலந்து, 1992-ஆம் ஆண்டிற் கட்டிமுடிந்த ஒரத்துப்பாளையம் அணையிலே தேங்கிற்று. நிறம் பட்டோடிய நீரைக் கண்டு மேற்புறத்தே சாயப்பட்டறை உண்டெனத் துணிதல் காரியவேதுவாற் போந்தது, குற்றமற்றது.

இனி, நிறம் நீக்கப்பட்டு நீர் தெளிந்தவழி, ‘மாசு காணப்பட்டிலது, ஆகலின் மாசு இல்லை’ என ஒருவன் கூறின், அது பொருந்துமா? பொருந்தாது. பருத்தியிற் சாயம் பற்றுதற்பொருட்டு உப்பு மிகுதியாக இடப்படும். நிறம் படிந்து கழியினும் கரைந்த உப்பு நீரிலேயே நிற்கும். கண்ணுக்குப் புலனாகாத பொருள் கண்ணாற் காணப்படாமைபற்றி இல்லையாகாது. காணத்தக்க பொருள், காண்டற்குரிய கருவியெல்லாம் அமைந்தவழியுங் காணப்படாதாயின், அப்பொழுதே அதன் இன்மை துணியப்படும். தெளிவைக் கண்டு தூய்மை துணிந்தவன் பிழையைத் தன் நாவோடு நிறுத்தினானல்லன். அந்நீர் பாயும் வயலுக்குரியவன் தலையிலும் ஏற்றினான். 2011 சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலை எய்தாத பட்டறைகளை மூட ஆணையிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

எதிர்த்தலைப் பிழையும் ஒன்றுண்டு. புகையுள்ளவிடத்துத் தீ உண்டென்பதனால், தீயுள்ள இடமெங்கும் புகை உண்டென்றல் கூடாது. காய்ந்த இரும்பிற் றீ உண்டு, புகை இல்லை. அவ்வாறே, ஆற்றைக் கெடுத்தது பனியன் தொழிலைச் சார்ந்த சாயம் என்பதுகொண்டு, அத்தொழில் செய்வாரெல்லாம் ஆற்றைக் கெடுத்தார் என்றல் வழு. பின்னற்குந் தையற்குஞ் சாயநீர் வேண்டா. ஆராயாது பழி சுமத்தலும் தீங்கேயாம்.

உலகாயதன் ‘உயிரையும் இறையையும் கண்டிலேம், ஆகலின் அவை இல்லை’ என்பதூஉம் முன்னர்க்கூறிய வழுவே. பொறிக்குப் புலனாகாதவற்றைப் பொறியாற் காணாமை அவற்றின் இன்மையை நிறுவாது. அற்றேல், காணாமையே உண்மைக்குச் சான்றாமோவெனின், ஆகாது, முயற்கோடுங் காணப்படாததே. கண் காணாத உப்பை நாவின் சுவையும் பயிரின் வாட்டமும் உணர்த்தினாற்போல, இறையுண்மைக்கும் வேறு ஏது வேண்டும். அவ்வேது உலகம் காரியமாதல். பனியனுக்கு நூல் முதற்காரணம், பின்னல் எந்திரம் துணைக்காரணம், தொழிலாளி நிமித்தகாரணம். அங்ஙனமே உலகிற்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், சிவம் நிமித்தகாரணமுமாம் என்பது நம் சித்தாந்தத் துணிபு.

அளவைநூல் வாதத்தில் வெல்லுதற்கு மட்டும் உரியதென்று கருதுவார் சிலர். மடங்களிற் குடத்தையும் குயவனையுங் காட்டிக் கற்பிக்கும் ஆசிரியர், இனி இவ்வாற்றையுங் காட்டுவாராக. பிழையான கருதல் பிறர் வயலைப் பாழாக்கும் என்றறிந்த மாணாக்கன், தன் துணிவைச் சொல்லுமுன் ஒருமுறை அஞ்சுவான். அவ்வச்சமே அளவைக் கல்வியின் பயன் என்க.