எழுதப்படும் அடிகள்

உடல், அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அதற்கும் நம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். அந்த உரிமையைச் செலுத்தும்போது நம் உள்ளம் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

சர்க்கரை நோய்க்காக டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். சுபுஹுத் தொழுகைக்குப் பின் செங்கல்பட்டுக் கொளவாய் ஏரிப் பக்கம் நடப்பேன். ஏரியோரம் ரயில் போவதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். பிறகு, அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை மகன் வாங்கித் தந்தான். பத்தாயிரம் அடி ஆனதும் அது மணிக்கட்டில் அதிரும்.

அன்று முதல் ஏரி என் கண்ணில் படவில்லை. ஸலாம் சொன்னவருக்கு நிற்காமலே பதில் சொன்னேன். கணக்குக் குறைந்த நாளில் இஷாவுக்குப் பின் கூடத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "நானும் வரட்டுமாங்க?" என்று கேட்டாள் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி. என் வேகம் கெடுமே என்று விட்டுவிட்டுப் போனேன்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள். அது வியாபாரத்துக்கு வைத்த பெயர். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோர்டன் எட்கின் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. நடையை எண்ணிப் பார்த்தவர்கள் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் நடப்பதில் இருந்த இன்பம் அவர்களுக்குக் குறைந்துவிட்டது.

ஒரு நாள் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறி இருவரும் மாமல்லபுரம் போனோம். வழியிலேயே கடிகாரத்தின் பாட்டரி தீர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் மெதுவாக நடந்தோம். பதிந்த தடங்களை அலை அழித்துக்கொண்டே வந்தது. "எவ்வளவு நாளாச்சுங்க இப்படி நடந்து!" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் முறை அன்னை முந்தினார்கள். பின்னொரு நாள் நாயகம் முந்தி, அன்றைக்கு இன்று சரியாயிற்று என வேடிக்கையாகச் சொன்னார்கள். துணைவியின் உள்ளம் குளிர ஓடிய ஓட்டமல்லவா அது!

"மார்க்கத்திலும் எண்ணிக்கை உண்டே?" எனக் கேட்கலாம். உண்டு. தவாஃபுக்கு 7 சுற்று. தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் 33. அவை நமக்குக் கற்றுத் தரப்பட்ட எண்கள். நாமே ஓர் எண்ணை வைத்து அதற்கு நாமே அடிமையாவது வேறு. தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிவாசலுக்கு அருகே குடிவர விரும்பினார்கள். இருக்கும் இடத்திலேயே இருக்கும்படியும், அவர்களுடைய காலடிகள் எழுதப்படுவதாகவும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். எழுத மலக்குகள் இருக்க, அடியான் ஏன் கணக்குப்பிள்ளை ஆகவேண்டும்?

டாக்டர் அளக்கச் சொன்ன சர்க்கரையை இன்றும் அளக்கிறேன். நடையை அளப்பதில்லை. இப்போது ஏரிப் பக்கம் இருவராகப் போகிறோம். அவள் நின்றால் நானும் நிற்கிறேன்.

தந்த உடலை மகிழ்ச்சியோடும் நன்றியோடும் பேண வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக! ஆமீன்.