உறுதிமொழியில் ‘ஒருவேளை’ உண்டோ?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் நம் பழைய மாணவர் இருவர் ஒருங்கே நம் இல்லம் வந்தனர். நாம் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள். மணமகள் வந்தவாசிப் பக்கத்தில் நம் சமூகத்துக் குடும்பத்தைச் சார்ந்தவள். மணமகன் காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் அடங்கிய போலகத்தில் பிறந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை. “அம்மா, எங்கள் திருமணத்தைத் தாங்கள்தாம் நடத்திவைக்க வேண்டும்” என்றனர். தலைமையேற்று இரண்டு சொல் வாழ்த்துரைக்க அழைக்கின்றனர் போலும் என எண்ணி இசைந்தோம். அழைப்பிதழின் படியைக் கையில் தந்தபோதுதான் செய்தி விளங்கிற்று.

அது ஒரு பாடக்குறிப்பு. கற்பித்தல் நோக்கம், துணைக்கருவிகள், வலுவூட்டல், மதிப்பீடு என நாம் முப்பது ஆண்டுகள் திருத்தித் திருத்திக் கண் நொந்த அதே அமைப்பில் அச்சிட இருந்தனர். ‘மதிப்பீடு: ஐம்பது ஆண்டுகள் கழித்து’ என்றிருந்தது. மணமேடை ஒரு வகுப்பறை. கெட்டிமேளத்திற்குப் பதில் பள்ளி மணி. வந்தோர் பெயரை நாம் வருகைப் பதிவேட்டிலிருந்து அழைக்க, அவர்கள் ‘உள்ளேன் அம்மா’ எனல் வேண்டும். ஓமம் இல்லை, தாலியும் இல்லை. வகுப்பறையில்தான் ஒருவரையொருவர் அறிந்தோம், எங்கள் திருமணம் எங்களைப் போன்றே இருக்கட்டும் என்றனர்.

நகைப்பும் வந்தது, அச்சமும் வந்தது. மணமகளின் பாட்டியார், தாலி இல்லாத இடத்திற்கு நான் வாரேன் எனக் கூறிவிட்டதாக அறிந்தோம். சடங்கைக் கேலிக்கூத்தாக்குவதற்கு எழுபதைக் கடந்த நாம் துணைபோகலாமா என்னும் வினா சில நாள் உறுத்திற்று.

ஆயினும் நம் நூல்களைப் புரட்டியபோது அவ்வச்சம் ஓரளவு தணிந்தது. துறவியாகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணிக்கு ‘மணநூல்’ என்றே பெயர். அதில் காந்தருவதத்தையின் மணம் யாழ்ப்போட்டியில் முடிவாகிறது. பதுமையின் மணம் பாம்பு கடித்த நஞ்சைத் தீர்த்ததன் வழியே வருகிறது. இலக்கணையின் மணம் சுழலும் பன்றிப்பொறியை வீழ்த்திய வில்லால் கூடுகிறது. ஒரு மணம் போல் மற்றொரு மணம் இல்லை. அதற்கும் முற்பட்ட அகநானூற்றின் 86ஆம் பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது, காட்டும் மணத்தில் தீவலம் இல்லை, புரோகிதர் இல்லை. புதுமணல் பரப்பிய பந்தரில் முதிய மகளிர் நீர்க்குடம் ஏந்தி வருகின்றனர். மக்களைப் பெற்ற நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். கிழவியர் மணம் நடத்துவது நாம் புதிதாகத் தொடங்கிவைத்த வழக்கம் அன்று!

சட்டம் பற்றியும் விசாரித்தோம். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்தது முதல் சுயமரியாதைத் திருமணம் எனக் கூறுவர். அதன்பின் அம்முறையில் மணந்தோர் பல்லாயிரவர். ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்த 1967இல் இயற்றப்பட்டு 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் அவற்றை, முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, செல்லத்தக்கதாக்கியது. இந்து திருமணச் சட்டத்தின் 7-அ என்னும் அப்பிரிவு புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கும் பின்னர் உரியதாயிற்று. அச்சட்டம் சமணராகிய நம்மையும் உட்கொண்டது என்பதை நம்மவர் பலர் மறந்துவிடுகிறோம். உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் மொழியில், ‘இவரை நான் கணவராக ஏற்கிறேன்’, ‘இவரை நான் மனைவியாக ஏற்கிறேன்’ என அறிவித்தால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம். அல்லது தாலி கட்டலாம். நடத்திவைப்பவர் இன்னார் எனச் சட்டம் எவரையும் சுட்டவில்லை. அங்ஙனமாயின் நாம் எதற்கு?

அதற்கு விடை அவர்கள் எழுதிவந்த உறுதிமொழியைப் படித்தபோது கிடைத்தது. அழகிய நடை, இடையிடையே வேடிக்கை. ஆனால் ‘ஏற்கிறேன்’ என்னும் சொல் அதில் எங்கும் இல்லை. ‘அன்பு நிலைக்கும் வரையில், இயன்ற அளவில், சேர்ந்து வாழ முயல்வோம்’ என்றே இருந்தது. பந்தலும் கரும்பலகையும் அவர்கள் விருப்பம். இவ்வோரிடத்தை மட்டும் நம்மால் விட இயலவில்லை. ஏன் இப்படி எழுதினீர்கள் என்றோம்.

மணமகள் தயங்காமல் மறுமொழி கூறினாள். “அம்மா, ஓய்வு வேளைகளில் எனக்குச் சியாத்வாதம் கற்பித்தவர் தாங்கள். ஒருவகையால் என்று சேர்த்துச் சொல்லாத கூற்று முழு உண்மை ஆகாது என்றீர்கள். நாளை எங்கள் மனம் எப்படியிருக்கும் என்பதை இன்று அறியோம். அறியாததை உறுதியாகச் சொன்னால் அது பொய் அல்லவா? பொய்யாமை விரதத்துக்கே மாறாகாதா?”

நம் பாடத்தைக் கொண்டே நம்மை மடக்கிவிட்டாள். அன்றிரவு நாம் உறங்கவில்லை.

சியாத் என்னும் சொல்லுக்கு ஐயம் பொருளன்று. குடம் மண் என்ற வகையால் உளது, பொன் என்ற வகையால் இலது. அந்தந்த வகையில் அந்தக் கூற்று உறுதியானதே. ‘ஒருவகையால்’ என்பதும் ‘ஒருவேளை’ என்பதும் வேறு. மேலும் அது பொருளின் இயல்பைக் கூறும் நெறி. விரதம் பொருளைக் கூறுவதன்று. ஒருவர் தம்மீது ஏற்றுக்கொள்வது. துறவியர் மகாவிரதம் ஏற்க, நமக்கு அணுவிரதம் வகுத்த பெரியோர் இல்லறத்தாரின் எளிமையை நன்கறிந்தவர்கள். அருங்கலச்செப்பை ஓதியோர் திசைவிரதத்தை நினைவு கூரலாம். இன்ன ஆறு வரை, இன்ன மலை வரை செல்வேன், அதற்கப்பால் செல்லேன் என எல்லையை முன்னரே பலரறிந்த அடையாளங்களால் குறித்துக்கொள்வது அது. எல்லை சிறிதாக இருக்கலாம், அதில் குற்றம் இல்லை. குறித்த எல்லையை மறப்பதும், வேண்டியபோது பெருக்கிக்கொள்வதுமே அதிசாரங்கள். பிழைபட்டால் திரும்பி வரப் பிரதிக்கிரமணமும் உண்டு. ஆனால் ‘இயன்றால் செல்லேன்’ என்றொரு விரதத்தை நாம் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் இதைக் கூறினோம். மனம் உங்கள் கையில் இல்லை, ஆகவே மனத்தைப் பற்றி உறுதி கூறவேண்டா; செயல் உங்கள் கையில் உள்ளது, அதைப் பற்றிக் கூறுங்கள் என்றோம். மணமகன் தலையசைத்தான். அவளோ, “அடிபடும் பெண்ணும் அவ்விரதத்தைக் காக்கத்தான் வேண்டுமா அம்மா?” என்றாள்.

நம் தமக்கையாரின் முகம் கண்முன் வந்தது. பதினேழாம் வயதில் மணமாகி, முப்பத்தோராண்டு அத்தகைய இல்லத்தில் வாழ்ந்து முடிந்தவர். ஒருநாள் இரவு நம் வாயிலில் வந்து நின்றவரை, ஊர் என்ன சொல்லும் எனக் கூறி நாமே மறுநாள் காலை அழைத்துச் சென்று விட்டுவந்தோம். அவர் எந்த உறுதிமொழியையும் தம் வாயால் கூறியவர் அல்லர். அவரை எவரும் கேட்கவுமில்லை. கொல்லாமையை முதல் விரதமாக வைத்த நெறியில் பிறந்தும், அக்காலையில் அது நமக்கு நினைவு வரவில்லை. இதனை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

ஆகவே அவளிடம், எல்லையை எழுது என்றோம். ஒருவரையொருவர் துன்புறுத்தும் இடமே இவ்விரதத்தின் எல்லை. அதற்கு இப்பால் ‘இயன்றவரை’ என்னும் சொல் வேண்டா. நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதினர். இறுதியில் ஏழு வரி அமைந்தது. முதல் வரி ‘ஏற்கிறேன்’ என முடிந்தது.

போலகத்தில் தை மாதத்தில், மணமகன் வீட்டுத் தென்னந்தோப்பில் மணம் நிகழ்ந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ‘மேரி’ எனப்பட்ட நகராட்சி மன்றத்தில் அதிகாரி முன் நின்று கையொப்பமிட்டு மணந்த குடும்பங்கள் காரைக்காலில் உண்டு. ஆதலின் ஏட்டில் கையொப்பமிடும் திருமணம் அங்குள்ள முதியோருக்கு வியப்பளிக்கவில்லை. இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்னும் கிறித்தவக் குழுவினர் குரு இன்றியே மணந்து, வந்தோர் அனைவரும் மணச்சான்றில் ஒப்பமிடுவர் என நாம் படித்ததுண்டு. வேடிக்கைக்கெனத் தொடங்கிய வருகைப் பதிவேடு அன்று அவ்விதமே ஆயிற்று. பெயர் அழைக்கப்பட்டவர் எழுந்து ‘உள்ளேன்’ என்றபோது தொடக்கத்தில் சிரிப்பொலி. பத்துப் பதினைந்து பெயருக்குப் பின் தோப்பில் அமைதி. ஒவ்வொருவரும் எதற்கு உள்ளோம் என எண்ணத் தொடங்கினர் போலும். அதன்பின்னரே மணி அடித்தோம். இருவரும் ஏழு வரிகளையும் கூறினர். கதிரவன் சாயுமுன் உணவும் முடிந்தது. (இனிப்பில் தேன் சேர்க்கவில்லை என்பதைச் சமையற்காரரிடம் நாமே கேட்டறிந்தோம்.)

பாட்டியார் வந்திருந்தார். தாலி குறித்த மனக்குறை தீரவில்லை. தம் பெயரை அழைத்தபோது ‘உள்ளேன்’ என்னாமல், “வந்திருக்கேன், எழுதிக்கோ” என்றார். மணமகளின் தாய்மாமன் மட்டும் வரவில்லை. அவ்வேடு இப்போது நம்மிடம் உள்ளது. அவர் பெயருக்கு நேரே ‘இல்லை’ எனக் குறிக்க வேண்டா, இடத்தை அப்படியே விட்டுவையுங்கள் என மணமகள் கேட்டுக்கொண்டாள், விட்டுவைத்திருக்கிறோம்.